காயம் இல்லாத தம்பி

சிவரூபியக்காவை முன்பெல்லாம் உடையார்கட்டில் இடியப்பக்கார அக்கா என்றுதான் சொல்வார்கள். இருட்டோடு எழும்பி மா குழைத்து, ஓலைத் தட்டுகளில் பிழிந்து அவித்து, சைக்கிளின் பின்பெட்டியில் அடுக்கி, விசுவமடு வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பி வருவார். கதை குறைவு. யாராவது சுகம் கேட்டால் சைக்கிளை நிறுத்தாமலே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

போன வருடம் அவருடைய பெயர் மாறிவிட்டது. வீடியோ அக்கா.

"வீடியோ அக்கா வாறா, கதிரையைத் துடையடா" என்று சந்திக் கடையில் ஒருவன் சொல்வான். அவன் கெட்டவன் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தவன்தான். அழுத வெட்கத்தை இப்படிப் பகிடியாக்கித் தீர்த்துக்கொள்கிறான் போலிருக்கும். அக்கா அதற்கும் தலையை ஆட்டிவிட்டு இடியப்பப் பெட்டியை இறக்கி வைப்பார்.

அந்த வீடியோ அவருடைய தம்பி அஜந்தனைப் பற்றியது. அவனைச் சொல்வதென்றால் அவனுடைய இடது தொடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடைசிச் சண்டை நடந்த வருடம் அவனுக்கு ஒன்பது வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு. தாயும் தகப்பனும் பங்கர் வாசலில் வந்து விழுந்து வெடித்த ஒரே செல்லில் போனார்கள். அதே செல்லின் ஒரு துண்டு தம்பியின் தொடைக்குள் போனது. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"விறைப்பு மருந்து முடிஞ்சுது தங்கச்சி. இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் டொக்டர். தைத்து முடித்துவிட்டு, "இரும்பு உள்ளைதான் கிடக்கு. இப்ப எடுத்தா நரம்பு போயிடும். இருக்கட்டும்" என்றார்.

அந்த இரும்பு அப்படியே இருந்துவிட்டது. தோல் மூடியது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, பின்பக்கமாக, ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக நிற்கும் ஒரு தழும்பு.

பிறகு வவுனியா முகாம். கம்பி வேலிக்குள் கூடாரங்கள். அங்கே காயம் என்பது ஒரு கேள்வி. உடம்பில் தழும்பு உள்ளவனை, இயக்கத்தில் இருந்தவனோ என்று ஆமிக்காரர் விசாரணை மேசைக்குக் கூப்பிடுவார்கள். மேசைக்குப் போன சிலர் திரும்பி வரவில்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள், எந்தக் காயத்துக்கு என்ன சொல்வது என்று. அடுப்பில் சுட்டது. மாடு இடித்தது. கிணற்றுக் கட்டில் வழுக்கியது. அக்கா தம்பிக்குச் சைக்கிளைத் தெரிவு செய்தார்.

"உன்ர உடம்பிலை காயம் எண்டு ஒண்டு இல்லை. ஆர் கேட்டாலும் இல்லை. கண்டு பிடிச்சுக் கேட்டா, சைக்கிளாலை விழுந்தது."

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதே அக்கா?"

"அதாலைதான் விழுந்தனி."

அவன் சிரித்தானாம். அந்த முகாமில் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வடிவம்மா மாமி சொல்வார். ஊருக்குத் திரும்பிய பிறகும் மாமி பக்கத்து வளவில்தான் இருக்கிறார்.

அஜந்தன் வளர்ந்தான். குளத்தில் பெடியள் எல்லோரும் அரைக் காற்சட்டையோடு பாய்ந்து குளிக்கும்போது அவன் சாரத்தோடு கரையில் நின்று வாளியால் அள்ளிக் குளிப்பான். பந்து விளையாடும்போதும் நீளக் காற்சட்டைதான். "உவன் பெரிய துரை, முழங்கால் வெயில் படாது" என்று பெடியள் நக்கலடிப்பார்கள். அவன் கோபித்ததில்லை. மழைக்காலத்தில் மட்டும் காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். அதற்கும் ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பான்.

உயர்தரம் படித்து முடித்த வருடம், ஒரு கார்த்திகை மாதத்தில், சிவில் உடுப்போடு வந்த இரண்டு பேர் அவனை ரோட்டுக் கரையில் மறித்தார்கள். மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காற்சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இது என்ன என்று கேட்டார்கள். சைக்கிளால் விழுந்தது என்றான். சிரித்தார்கள். ஒருவன் போனை எடுத்துத் தொடையைப் படம் எடுத்துக்கொண்டு, போ என்றான். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் குசினி வாசலில் இருந்துகொண்டு, "அக்கா, நான் வெளியிலை போகப் போறன்" என்றான். அக்கா ஏனென்று கேட்கவில்லை.

குளத்துக்குக் கீழே தகப்பன் விட்டுப்போன வயல் துண்டு ஒன்று இருந்தது. அது ஈட்டுக்குப் போனது. ஏஜென்சிக்காரன் எல்லோருக்கும் சொல்வதைத்தான் இவர்களுக்கும் சொன்னான். விமானத்தில் ரஷ்யா, அங்கிருந்து வாகனத்தில் பெலாரஸ், பிறகு காட்டுக்குள்ளால் "கொஞ்சத் தூரம் நடை", போலந்து.

குரல் செய்திகள் வந்தன. "அக்கா, இஞ்ச மரமெல்லாம் ஒரே மாதிரி. எங்கட காடு மாதிரி இல்லை. ஒரு குருவிச் சத்தமும் இல்லை." "அக்கா, எல்லாருக்கும் ஒரே நிறத்திலை ஜாக்கெட் தந்திருக்கிறாங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரிக் கிடக்கு." கடைசியாக வந்தது சிறியது. "இண்டைக்கு நடக்கப் போறம். போனை நிப்பாட்டச் சொல்லீனம். குளிருக்குக் கால் கொஞ்சம் இழுக்குது. பயப்பிடாதை."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஏஜென்சிக்காரனின் போனும் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போனது.

வடிவம்மா மாமிதான் தர்ஷனுக்குப் போன் எடுத்துச் சொன்னவர். தர்ஷன் கிளிநொச்சிப் பெடியன். யூடியூப்பில் சனல் நடத்துகிறவன். வீடில்லாதவர்கள், கால் இல்லாதவர்கள், பிள்ளைகளைத் தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படம் பிடித்துப் போடுவான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு உதவி அனுப்புவார்கள். இதனால் கோழிக்கூடு கிடைத்தவர்களும் உண்டு, கிணறு கிடைத்தவர்களும் உண்டு. மனம் நல்ல பெடியன். அவசரக்காரன்.

அவன் வந்தபோது மத்தியானம். "அக்கா, முதல்லை இடியப்பம் பிழியிறதை ஒருக்கா எடுப்பம்" என்றான்.

"மா முடிஞ்சுது தம்பி. அடுப்பும் நூத்திட்டன்."

"பரவாயில்லை. சும்மா பிழியிற மாதிரிச் செய்யுங்கோ."

"மா இல்லாமல் என்னத்தைப் பிழியிறது, காத்தையோ?" என்றார் மாமி.

அக்கா வெறும் இடியப்ப உரலைத் தட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு அழுத்தினார். தர்ஷன் பக்கத்தில் வந்து கைகளை எடுத்தான், முகத்தை எடுத்தான். பிறகு கதிரையில் இருத்திக் கேள்வி கேட்டான். தாய் தகப்பன் போன கதையைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. தம்பியின் குரல் செய்திகளைப் போட்டுக் காட்டச் சொன்னபோது அழுதார். குருவிச் சத்தத்தையும் ஜாக்கெட்டையும் போட்டுக் காட்டினார். கடைசிச் செய்தியைப் போடவில்லை.

"அக்கா, இதை எத்தினையோ நாட்டிலை எங்கட சனம் பாக்கும். ஆராவது கண்டு பிடிக்கலாம். தம்பியின்ர உடம்பிலை ஏதும் அடையாளம் இருக்கோ? மச்சம், காயம், அப்பிடி?"

"வலது தோள்மூட்டிலை ஒரு மச்சம்" என்றார் அக்கா. "காயம் ஒண்டும் இல்லை."

"ஒண்டுமே..."

"என்ர தம்பியின்ர உடம்பிலை ஒரு காயமும் இல்லை. அப்பிடியே போடுங்கோ."

தர்ஷன் போன பிறகு மாமி மெதுவாகக் கேட்டார். "ஏன் பிள்ளை, அதைச் சொல்லியிருக்கலாமெல்லே?"

"ஊரெல்லாம் பாக்கிற வீடியோவிலையோ மாமி? அவன் எங்கையாவது பிடிபட்டு, திருப்பி அனுப்பினாங்கள் எண்டு வையுங்கோ. எயர்போட்டிலை வைச்சு இதைப் போட்டுக் காட்டிக் கேப்பாங்கள். அக்காவே சொல்லியிருக்கிறா, எங்கை காயப்பட்டனி எண்டு."

மாமி கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வீடியோவின் தலைப்பு, "மரணக் காட்டில் தொலைந்த தம்பி: இடியப்பம் அவித்து வளர்த்த அக்காவின் கதறல்". அது எங்கெங்கோ போனது. பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள். ஏன் அனுப்பினாய் என்று ஏசியவர்கள் உண்டு. அக்காவுக்குச் சேலை வாங்கிக் கொடுக்க விரும்புவதாக ஒருவர் எழுதியிருந்தார். கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர் வந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வந்து, அந்த வெறும் உரலையே மறுபடியும் பிடிக்கச் சொன்னார். குடியேறிகளின் ஆபத்தான பயணங்கள் பற்றி எல்லோரும் பேசிய இரண்டு மூன்று மாதங்கள் அவை. எல்லோரும் அடையாளத்தையும் கேட்டார்கள். எல்லோருக்கும் அக்கா அதே பதிலைச் சொன்னார். கமராவுக்குப் பின்னால் யார் இருந்தாலும், அவருக்கு அது முகாமில் பார்த்த மேசையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வேறு செய்திகள் வந்தன. வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வீடியோ அக்கா என்ற பெயர் மட்டும் நின்றது.

வருடம் மாறி ஒரு பின்னேரம் போலந்திலிருந்து பிரதாபன் என்பவர் போன் எடுத்தார். அங்கே சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை. லீவு நாட்களில், காட்டில் காணாமற்போனவர்களைத் தேடும் ஆட்களோடு சேர்ந்து திரிகிறவர்.

"அக்கா, உங்கட வீடியோவை நான் அப்பவே பாத்தனான். இஞ்ச பனி கரைஞ்ச நேரம் சதுப்புக் கரையிலை ஒரு உடம்பு எடுத்தவை. முகம் சொல்லக்கூடிய நிலையிலை இல்லை. நீங்கள் காயம் இல்லை எண்டு சொன்னபடியால், இது உங்கட ஆள் இல்லை எண்டு விட்டிட்டன்."

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆனா இப்ப, அந்த நேரம் காட்டுக்குள்ளாலை நடந்து வந்த ஒருத்தர் பிரான்சிலை இருக்கிறார். அவரோடை கதைச்சனான். தங்களோடை முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் நொண்டி நொண்டி நடந்தவன், பேர் நினைவில்லை எண்டு சொல்லுறார். இந்த உடம்பின்ர இடது தொடையிலை பழைய தையல் இருக்கக்கா. எக்ஸ்ரே எடுத்திருக்கினம். உள்ளுக்கு இரும்புத் துண்டு. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லை தம்பி" என்றார் அக்கா. "என்ர தம்பிக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

"நிச்சயமோ அக்கா?"

"நிச்சயம்."

முந்திய பொய்களை அவர் பயத்தில் சொன்னார். இதைப் பயத்தில் சொல்லவில்லை. ஓம் என்று சொன்னால், அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வரும் கணத்தில் அவன் செத்துப் போவான். இல்லை என்றால் எங்கேயோ ஒரு முகாமில், போன் இல்லாமல், அதே நிற ஜாக்கெட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்பான். அக்கா அவனை வரிசையிலேயே நிற்க விட்டார். அடுத்த நாள் இடியப்பத்தில் உப்பில்லை என்று கடைக்காரர்கள் சொன்னார்கள்.

பிரதாபன் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் அவர் அதோடு நிறுத்தவில்லை. காலில் காயமுள்ள வேறு யாராவது அந்தப் பாதையில் போய்க் காணாமற்போயிருக்கிறார்களா என்று தர்ஷனிடம் விசாரித்தார். தர்ஷன் விசாரித்துக்கொண்டு பூநகரிக்குப் போனான்.

ஒரு மாதம் கழித்து வடிவம்மா மாமி போனைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். தர்ஷனின் புதிய வீடியோ. "பூநகரி இளைஞன் நிரோஜன் காட்டில் சடலமாக: உறுதியானது". பரவைக்கடலில் இறால் பிடிக்கும் பொன்னையா என்ற ஒரு தகப்பன், சேட்டின் முதல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். மனைவி இல்லாதவர். ஒரே மகன்.

"ஓம், இடக்காலிலை காயம் இருந்தது. செல்லடிச்ச காயம்" என்றார் அவர். "அது அவன்தான். செத்த நாள் தெரியாது. குருக்களைக் கேட்டு, வாற புதன்கிழமை அந்தியேட்டிக் காரியம் வைச்சிருக்கிறன். இனி அவன் குளிருக்கை நிக்க வேண்டாம்."

அக்கா அதைத் திரும்பவும் போடச் சொன்னார். பிறகு தர்ஷனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, உறுதி எண்டு ஆர் சொன்னது?"

"பிரதாபன் அண்ணா, இருக்கலாம் எண்டு சொன்னவர். ஐயாவும் ஓம் எண்டிட்டார். தலைப்பிலை 'இருக்கலாம்' எண்டு போட்டா ஆரக்கா திறந்து பாப்பினம்?" கொஞ்சம் பொறுத்து, "ஏனக்கா?" என்றான்.

அக்கா போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் இடியப்பம் அவிக்கவில்லை. பரந்தன் வரைக்கும் ஒரு பஸ். பரந்தனில் வெயிலுக்குள் நீண்ட காத்திருப்பு. பூநகரி பஸ் வந்தபோது அதில் இருக்க இடமிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் வெட்டிய வயல், பிறகு உப்பு வெளி, பிறகு தண்ணீர். பொன்னையாவின் வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. முற்றத்தில் சின்னப் பந்தல் போட்டிருந்தது. இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன.

பொன்னையா அவரை உடனே கண்டுகொண்டார்.

"நீங்கள் அந்த இடியப்பப் பிள்ளையெல்லே? இருங்கோ இருங்கோ. உங்கட வீடியோவைப் பாத்துத்தான் நானும் துணிஞ்சு கதைச்சனான். இந்தத் தூரம் வந்திருக்கிறியள்." தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். "உங்கட ஆளும் கிடைப்பான். யோசியாதையுங்கோ. என்ர ஆள் கிடைச்சிட்டான்."

அக்கா தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, நிரோஜனுக்குக் காலிலை எவ்விடத்திலை காயம்?"

"இடக்கால்."

"எவ்விடத்திலை?"

"முழங்காலடியிலை. மேலையோ கீழையோ வடிவா நினைவில்லைப் பிள்ளை. தாய் இருந்தாச் சொல்லியிருப்பா."

"உள்ளுக்கு இரும்பு இருந்ததோ?"

"இருந்திருக்கும்."

"இருந்ததோ ஐயா?"

"என்ன பிள்ளை, பொலிசு மாதிரிக் குடையிறாய்?" என்றார். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

அக்கா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினார். உடுப்புக்கு மேலால் தன் இடது தொடையின் பின்பக்கத்தில் கையை வைத்தார்.

"இவ்விடத்திலை. தையல் ஒழுங்காயில்லை, அவசரத்திலை தைச்சது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்கும். நான்தான் காலைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். மருந்து இல்லை. இரும்பை எடுக்கேல்லை. மழை வந்தா நோகுது எண்டு சொல்லுவான். என்னட்டை மட்டும்தான் சொல்லுவான்."

ஒன்பது வயதில் அவனுக்கு அதை மறைக்கப் பழக்கிய பிறகு, அக்கா அந்தக் காயத்தைப் பற்றி ஒரு வேற்று மனிதரிடம் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பொன்னையா அவருடைய கை இருந்த இடத்தையே பார்த்தார். "நீ காயம் இல்லையெண்டெல்லே சொன்னனி? நான் பாத்தனான். அழுதழுது சொன்னனி."

"ஓம் ஐயா. பொய்."

"ஏன்?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்கிடையில் கையை வீசினார். "விடு. ஏனெண்டு எனக்குத் தெரியும். முகாமிலை நானும் மாடு இடிச்சது எண்டுதான் பெடியனுக்குச் சொல்லிக் குடுத்தனான்."

காற்று வந்தது. பந்தலின் ஒரு மூலையில் கட்டு தளர்ந்து துணி அடித்துக்கொண்டிருந்தது. பொன்னையா எழும்பிப் போய் அதை இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகும் அந்தக் கம்பைப் பிடித்தபடியே அங்கேயே நின்றார்.

"அப்ப என்ர பெடியன் எங்கை?"

"தெரியாது ஐயா."

"தெரியாது எண்டு சொல்லவோ பரந்தனிலை பஸ் மாறி வந்தனி? எத்தினை மாதம் நான் வாசலிலை படுத்தனான் தெரியுமே? இப்பதான் நித்திரை கொள்ளத் தொடங்கியிருக்கிறன். நாளைக்கு அவனை அனுப்பிப்போட்டு நானும் ஒரு பக்கம் சரியலாம் எண்டிருந்தன். உயிரோடை தரவும் ஏலாது. பிணத்தையும் பறிக்க வந்திட்டாய்."

"நாளைக்குக் காரியம் செய்திட்டியள் எண்டா, நிரோஜனை இனி ஒருத்தரும் தேட மாட்டினம் ஐயா. நீங்களும் தேட மாட்டியள்."

அவர் கம்பில் போட்ட முடிச்சை இன்னும் இறுக்கினார். சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது என்றும், ஆனால் அவருடைய முதுகைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை என்றும் அக்கா பின்னர் மாமியிடம் சொன்னாராம்.

"கீழை" என்றார் பொன்னையா.

"என்ன ஐயா?"

"முழங்காலுக்குக் கீழை. கெண்டையிலை. தோலோடை உரசிக்கொண்டு போனது. உள்ளை ஒண்டும் இருக்கேல்லை." அவர் திரும்பவில்லை. "அந்த வீடியோத் தம்பி வந்து கேக்கேக்கையே, அது அவனில்லை எண்டு எனக்குத் தெரியும்."

பிரதாபனுக்கு அக்காவின் போனிலிருந்துதான் எடுத்தார்கள். அங்கே வேலை நேரம். பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அது என்ர தம்பி. அஜந்தன். நான் பொய் சொல்லிப்போட்டன்."

பாத்திரச் சத்தம் தூரப் போனது. பிரதாபன் வெளியே வந்துவிட்டார் போல. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. இரத்த மாதிரி எடுக்க வேண்டும், அதற்குத் தானே ஆட்களோடு கதைக்கிறேன், பெயர் போடலாம், உடம்பைக் கொண்டுவருவது கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எங்கை வைச்சிருக்கினம்?"

"தாட்டிட்டினம் அக்கா. எல்லைக் கிராமத்திலை முஸ்லிம் ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கினம். ஆர், எந்தச் சமயம் எண்டு தெரியாதபடியால் தங்கட மயானத்திலை தங்கட முறைப்படி தொழுது அடக்கம் செய்திருக்கினம். பலகையிலை ஒரு இலக்கம் மட்டும் இருக்கு. உங்கட முறைப்படி எரிக்கேல்லை எண்டு..."

"ஆராவது பக்கத்திலை நிண்டவையோ?"

"நிண்டவையாம் அக்கா. மழையாம். குடை பிடிச்சுக்கொண்டு நாலைஞ்சு பேர்."

"அது காணும்" என்றார் அக்கா. "அவையளிட்டை நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கோ." என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு போனைப் பொன்னையாவிடம் கொடுத்தார். பொன்னையா அதைக் காதில் வைத்துக்கொண்டு, மகனின் உயரத்தையும், முன்பல்லில் இருந்த இடைவெளியையும், கெண்டைக்கால் தழும்பையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். தேடத் தொடங்கிய முதல் நாளில் சொல்வது போல.

பின்னேரம் தர்ஷன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நாளைய காரியத்துக்கு முன் ஆயத்தங்களைப் படம் பிடிக்க வந்திருந்தான். முற்றத்தில் அக்காவைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். விஷயத்தைக் கேட்ட பிறகு அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே நிலத்தில் இருந்துவிட்டான்.

"அந்த வீடியோவை இப்பவே அழிக்கிறன் ஐயா."

"அழி" என்றார் பொன்னையா.

கொஞ்சம் பொறுத்து அவனுடைய கை தானாகவே பையின் ஜிப்புக்குப் போனது. "அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருந்து இதைக் கதைச்சா..."

"என்னை எடுக்க வேண்டாம் தம்பி. எனக்கு இனிச் சொல்ல ஒண்டும் இல்லை. ஐயாவை எடு. நிரோஜன்ர அடையாளத்தைச் சரியாச் சொல்லுவார். தலைப்பிலை, காணேல்லை எண்டு மட்டும் போடு."

"காணேல்லை எண்டு போட்டா ஆரும்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "சரி அக்கா. போடுறன்."

பொன்னையா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தர்ஷன் கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டான். இந்த முறை அவன் யாரையும் எதையும் பிழியச் சொல்லவில்லை.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா படலை வாசலுக்கு வந்தபோது பொன்னையா பின்னால் வந்தார். கையில் ஒரு கடைப்பை. குருக்கள் சொல்லி நாளைக்கென்று வாங்கிய சாமான்கள். எள்ளு, புது வேட்டி, செம்பு, ஒரு கட்டுத் தர்ப்பை.

"கொண்டு போ பிள்ளை" என்றார். "எனக்கு இது இப்ப வேண்டாம்."

அக்கா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் அன்றைக்குச் சனம் குறைவு. அக்கா யன்னலோரம் இருந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். தர்ப்பை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிக்கெட் போட வந்த கொண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆரின்ர காரியம் அக்கா?"

"தம்பியின்ர" என்றார் சிவரூபியக்கா.